நாங்கு இருக்க இரும்பு மரம் எதற்கு?

போன மாதம் மலையடிவாரத்துப் பூங்கா ஒன்றில் ஒரு பச்சைப் பலகையைப் பார்த்தேன். ‘சிலோன் அயர்ன்வுட்’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து ‘சிலோன் இரும்பு மரம்’ என்று எழுதியிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான், தமிழில் குரல் கொடுத்த ஒரு காட்டுப் படத்தில் இதே பெயர் மூன்று தடவை வந்து காதைக் குடைந்திருந்தது. என்னோடு வந்த ஆசாரி பலகையைப் படித்தார், மரத்தை அண்ணாந்து பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, இது நாங்குல்லா? இரும்பு மரம்னா அது எந்த மரம்?”

அவர் கேட்டதுதான் என் கேள்வியும்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். நாங்கு, நாங்கல் இரண்டும் வழக்கில் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் மலைநாங்கல் என்றும் சொல்வார்கள். நாகப்பூ மரம் என்பதும் இதுவே. வடமொழியில் நாககேசரம், கேசரம் என்பது பூ நடுவில் இருக்கும் மகரந்தத் தாள். தாவரவியல் பெயர் மெசுவா ஃபெர்ரியா. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது. மெசுவா என்பது பழைய பாக்தாத் மருத்துவர் ஒருவரின் பெயரிலிருந்து வந்தது. ஃபெர்ரியா என்றால் இரும்பைச் சேர்ந்தது. வினை அங்கேதான் தொடங்குகிறது.

மரத்தைப் பார்த்தவர்களுக்கு இரும்பு நினைவுக்கு வராது. நம் கடற்கரைப் புன்னைக்குப் பங்காளி முறை இது. பாபநாசம் மலைக்கு மேலே மழைக்காட்டில் வெடிப்பலாவோடு சேர்ந்து முப்பது மீட்டருக்கு நெடுநெடுவென்று நிற்கும். தளிர் விடும் நாட்களில் மரமே குங்குமத்தில் தோய்ந்தது போலிருக்கும். பிறகு இலை கரும்பச்சையாகி, அடிப்பக்கம் சாம்பல் பூசினாற்போல் வெளுக்கும். பூவுக்கு நான்கு வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் குஞ்சம், நல்ல வாசனை. கொட்டையிலிருந்து எண்ணெய் எடுத்து விளக்கெரித்திருக்கிறார்கள்.

கட்டையின் கதை வேறு. எங்கள் வீட்டுக் கோடாலிக்கு நாங்குக் காம்பு. கைபட்ட இடம் மட்டும் கருஞ்சிவப்பாகப் பளபளக்கும். இரண்டு கோடாலித் தலைகள் தேய்ந்து போயின, காம்பு அதேதான். காய்ந்த தேக்கு ஒரு கன அடி இருபது கிலோவுக்குள் நிற்கும். நாங்கு முப்பதை ஒட்டி வரும். பச்சைக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் அமிழ்ந்துவிடும். உளி வாய் போய்விடும் என்று ஆசாரிகள் தொடத் தயங்குவார்கள். தண்டவாளக் கட்டைக்கும் பாலத்துக்கும் இதைத் தேடிப் போனது அதனால்தான்.

இவ்வளவு கடினமென்றால் இரும்பு என்று சொன்னால் என்ன தப்பு, லின்னேயஸே சொல்லிவிட்டாரே என்பார்கள். அரச மரத்துக்கும் அவர் ஃபைக்கஸ் ரிலிஜியோசா என்று பெயர் வைத்தார். அதற்காகப் பிள்ளையார் கோவில் அரச மரத்தடியில் ‘மத அத்தி’ என்று பலகை நடுவோமா? மரம் உரமாக இருந்தால் தமிழன் வைரம் பாய்ந்த கட்டை என்பான். அந்த உவமை நம்மிடம் முன்பே இருக்கிறது. இரும்பைக் கடன் வாங்க அவசியமே இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், ஆங்கிலத்தில் ‘அயர்ன்வுட்’ என்பது ஒரு மரத்தின் பெயரே இல்லை. கோங்கையும் அப்படிச் சொல்வார்கள், இருள் மரத்தையும் சொல்வார்கள். போர்னியோவில் ஒன்று, அமெரிக்காவில் வேறொன்று. அந்தந்த ஊரில் கோடாலியை மழுங்கடித்த மரமெல்லாம் அயர்ன்வுட்தான். மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் ‘இரும்பு மரம்’ என்று எழுதினால் கோங்கும் இருளும் நாங்கும் ஒரே மரமாகிவிடும். மூன்றுக்கும் தனித்தனியே தமிழ்ப் பெயர் இருக்கும்போது இது என்ன கஞ்சத்தனம்? இதில் ‘சிலோன்’ வேறு! இலங்கை இதைத் தேசிய மரமாக வைத்திருக்கிறது, நல்லது. சிங்களத்தில் ‘நா’ என்று ஒரே எழுத்தில் அழகாகச் சொல்கிறார்கள். நாம்தான் நம் மலை மரத்துக்கு அயலூர் முகவரி எழுதுகிறோம்.

சங்கப் பாட்டிலேயே இருக்கிறதே, நாகம் என்று எழுதலாமே என்பது தூய்மைக்காரர்கள் தரப்பு. எனக்கு அதிலும் சம்மதமில்லை. சிறுபாணாற்றுப்படையில் ஆறு அடித்து வரும் நாகக் கட்டையும் அகிலும் ஆரம் என்ற சந்தனமும் நீராடும் பெண்களுக்குத் தோள்புணை, அதாவது பிடித்து மிதக்கும் மிதவை, ஆகின்றன. நாங்குக் கட்டையைப் புணையாகப் பிடித்தால் பிடித்தவரும் சேர்ந்து உள்ளே போக வேண்டியதுதான். அந்த நாகம் சுரபுன்னை என்ற வேறு மரம் என்று உரை சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. போதாக்குறைக்கு, நாகப்பூ என்று எழுதிவிட்டு நாகலிங்கப் பூவின் படத்தைப் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம், பூ அடிமரத்திலேயே பூக்கும். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நாட்டுமருந்துக் கடையிலோ சிறுநாகப்பூ கேட்டால் பல சமயம் கையில் வருவது ஒரு காட்டு இலவங்க மரத்தின் பிஞ்சுக்காய். நாகம் என்ற பெயர் அவ்வளவு அலைந்துவிட்டது.

இன்னொரு நண்பர், நாங்குநேரி என்ற ஊர்ப்பெயரே இந்த மரத்தால் வந்தது என்று அடித்துச் சொல்வார். அந்த வெயில் பூமியில் மழைக்காட்டு மரம் எப்படி நிற்கும் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். நான்கு ஏரிதான் நாங்குநேரி ஆனது என்கிறவர்கள் மேல் அவருக்கு இன்னும் கோபம். ஓசை ஒத்துவருகிறது என்பதற்காக ஊரையே மரத்தில் கட்டுவதும், அயர்ன்வுட்டை உடைத்து இரும்பு, மரம் என்று ஒட்டுவதும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது.

ஆகவே இங்கிலீஷில் அயர்ன்வுட் என்று கண்டால், அது எந்த ஊர் மரம் என்று முதலில் பாருங்கள். மெசுவா ஃபெர்ரியா என்றால் நாங்கு. மலைநாங்கல் என்று சொல்லிப் பழகியவர்கள் அப்படியே எழுதலாம். பலகைக்காரரிடம் இதைச் சொன்னேன். பெயிண்டு தீர்ந்துவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.