மக்காச்சோளத்தில் செய்ததெல்லாம் மக்கிவிடாது

பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயி ஒருவர் ஓசூரில் உள்ள எங்கள் பிளாஸ்டிக் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து, ஒரு சாக்குப்பையை மேசைமேல் கொட்டினார். செடி வரிசையில் மண்ணை மூட விரிக்கும் மல்ச்சிங் ஷீட்டின் மண் ஒட்டிய கிழிசல்கள். ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் கறுப்பு. "மக்காச்சோளத்தில் செய்த மல்ச்சிங் ஷீட், அறுவடை முடிந்ததும் உழுதுவிடுங்கள், மக்கிவிடும் என்று சொல்லித்தான் விற்றார்கள்" என்றார். நம்பி உழுதிருக்கிறார். இப்போது கலப்பைக் கொழுவில் கொத்துக் கொத்தாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. வரப்பில் மேயும் மாடும் புல்லோடு சேர்த்துத் தின்கிறது.

ஒரு கிழிசலை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினேன். உருகிச் சொட்டியது. அணைத்ததும் மெழுகுவத்தி வாசனை. சந்தேகமே இல்லை, பாலித்தீன். (இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.) சோள மாவைக் கொஞ்சம் கலந்தே இருந்தாலும், மாவை மண்ணில் உள்ள நுண்ணுயிர் தின்றுவிடும், பாலித்தீன் பொடிப்பொடியாக நிலத்தில் தங்கிவிடும். முழுத்தாளாகக் கிடந்தாலாவது பொறுக்கி எடுத்திருக்கலாம்.

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. எல்லாவற்றுக்கும் வேர், 'இயற்கை என்றால் மக்கும், செயற்கை என்றால் மக்காது' என்ற நம்பிக்கை. மரவள்ளிக் கிழங்கின் மாவு, பஞ்சில் உள்ள செல்லுலோஸ், தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் போகும் பட்டு, எல்லாம் பிளாஸ்டிக்கைப் போலவே பாலிமர்தான், அதாவது சிறு மூலக்கூறுகளைக் கண்ணி கண்ணியாகக் கோத்த நீண்ட சங்கிலி. இவை மக்குவதற்குக் காரணம், இந்தச் சங்கிலிகளின் கண்ணிகளை அறுக்கும் நொதி நுண்ணுயிர்களிடம் இருப்பது. பிறந்த இடத்துக்கும் மக்குவதற்கும் நேர்த் தொடர்பு கிடையாது.

ரப்பரைப் பாருங்கள். மரத்தின் பால்தான். அதில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்தார். அப்படிப் பதப்படுத்திய டயர், மரத்துப் பாலில் செய்தது என்பதற்காக மக்கிவிடுகிறதா? கொல்லையில் பல ஆண்டுகளாகக் கொசு வளர்த்துக்கொண்டு கிடக்கிறது. பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கை மக்காச்சோள மாவிலிருந்தே செய்கிறார்கள். அது மக்க 58 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் நிற்கும், கழிவை மக்கவைக்கும் உரக்கிடங்கு வேண்டும். உங்கள் வயலில் புதைத்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பி.பி.ஏ.டி. என்ற பிளாஸ்டிக்கோ பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதை நுண்ணுயிர்கள் தின்னும். உண்மையிலேயே மக்கும் மல்ச்சிங் ஷீட்டுகள் பலவற்றில் இருப்பது அதுதான். ஆகவே 'எதில் செய்தது?' என்று கேட்டு ஒரு பயனும் இல்லை. 'எங்கே, எந்தச் சூட்டில், எத்தனை மாதத்தில் மக்கும்?' என்று கேளுங்கள்.

எங்கள் தொழிலையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். ஓசூர் ரோஜாத் தோட்டங்களின் பசுமைக்குடில் ஷீட் வெயிலில் ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும் என்பதற்காகவே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளைச் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். உழைக்க வேண்டும் என்று காசு கொடுத்து வாங்கிவிட்டு, கிழிந்த மறுநாளே மக்கவில்லை என்று பிளாஸ்டிக்கைத் திட்டினால் எப்படி?

மக்காவிட்டால் கொளுத்திவிடலாம் என்பவர்களிடம் எனக்குப் பொறுமையே இல்லை. பி.வி.சி. குழாயின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பிக் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். டையாக்சின் நஞ்சும் உண்டாகும். குழாயின் வாயை விரிக்க ஓலைத் தீயில் காட்டுகிறீர்களே, அதையும் விடுங்கள். இணைப்பு வேண்டுமானால் கப்ளிங் வாங்குங்கள், விலை அதிகமில்லை.

பாலித்தீன் மல்ச்சிங் ஷீட்டை உழவுக்கு முன் சுருட்டி எடுத்துவிடுங்கள். மண் லேசாக ஈரமாக இருக்கும்போது, சொட்டுநீர்க் குழாயை அகற்றிய பிறகு இழுத்தால் அதிகம் கிழியாமல் வரும். மிக மெல்லிய ஷீட் வாங்கினால் எடுக்கும்போது நைந்துவிடும். 25 முதல் 30 மைக்ரான் தடிமன் இருக்கட்டும். கறுப்புச் சொட்டுநீர்க் குழாய் வேறு, பி.வி.சி. வேறு, பழைய பொருள் வியாபாரியிடம் தனித்தனியாகப் போடுங்கள். தயவுசெய்து பூச்சிமருந்து கேனைக் கழுவிக் குடிநீர் பிடிக்காதீர்கள். பிளாஸ்டிக் உறிஞ்சிய மருந்து கழுவினால் முழுவதும் போகாது.

உரமாக மட்கும் என்று விற்கும் பிளாஸ்டிக்குக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும் என்பது விதி. கடைக்காரரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். உழவு மண்ணிலேயே மக்கும் என்று அவர் சொன்னால், எத்தனை மாதத்தில் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், அந்த ஷீட்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.