கணக்கில் வராத காற்று: ஐடிலிங்கில் என்ஜின் ஏன் தடுமாறுகிறது?

ஆக்சிலரேட்டரில் கால் படாமல், கார் நின்ற இடத்திலேயே என்ஜின் தானாகச் சுழன்றுகொண்டிருக்கும் நிலையை ஐடிலிங் என்கிறோம். நன்கு சூடேறிய பெட்ரோல் என்ஜினில் இந்த வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 650 முதல் 900 சுற்றுகளுக்குள் அடங்கும். ஆர்பிஎம் முள் அங்கே நிலைக்காமல் ஏறி இறங்கினாலோ, ஏசியைப் போட்டதும் என்ஜின் அணைந்துபோனாலோ பலரும் முதலில் ஸ்பார்க் பிளக்கை மாற்றுகிறார்கள். அதில் சரியாகவில்லை என்றால் ஒரு சென்சார், பிறகு இன்னொரு சென்சார் என்று செலவு நீள்கிறது. தன் கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை என்ஜினே எண்களாகச் சொல்லும் என்பதால், முதலில் அந்த எண்களைப் படிப்பதே சரியான முறை.

ஐடிலிங்கில் மட்டும் இந்தத் தடுமாற்றம் ஏன் பளிச்சென்று தெரிகிறது? 1.5 லிட்டர் என்ஜின் ஒன்று ஐடிலிங்கில் விநாடிக்கு ஏறத்தாழ 2 கிராம் காற்றையே உறிஞ்சுகிறது. அதே என்ஜின் முழு வேகத்தில் 70 கிராமுக்கு மேல் உறிஞ்சும். காற்று வரும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருப்பதால், அதற்கு அப்பால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் காற்றழுத்தம் வெளியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். ஏதோ ஒரு ரப்பர் ஹோஸில் விழுந்த விரிசல் வழியாக விநாடிக்கு அரை கிராம் காற்று உள்ளே புகுந்தால், ஐடிலிங்கில் அது கால் பங்கு கூடுதல் காற்று. முழு வேகத்திலோ அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஓடும்போது நன்றாக இருக்கும் கார் நிறுத்தத்தில் மட்டும் நடுங்குவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் அதன் 14.7 மடங்கு காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றை ஏர்ஃப்ளோ சென்சார் அளந்து சொல்ல, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கிறது. எரிந்து வெளியேறும் புகையை ஆக்சிஜன் சென்சார் பரிசோதித்து, கலவை சரியாக இருந்ததா என்று திரும்பத் தெரிவிக்கிறது. சென்சாரைத் தாண்டிய இடத்தில் புகும் காற்று கணக்கில் வராததால், கலவை மெக்கானிக்குகள் சொல்வதுபோல 'லீன்' ஆகிறது, அதாவது காற்று கூடி பெட்ரோல் குறைகிறது. அதை ஈடுகட்ட ஈசியூ எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியது அல்லது குறைத்தது என்பதே ஃப்யூயல் ட்ரிம். ஈசியூவின் எண்களைப் படித்துக் காட்டும் சாதாரண ஸ்கேனர் ஒன்றிலேயே இதைப் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், இந்த ஒரு எண்ணை இரண்டு வேகங்களில் பார்ப்பதுதான் முழுப் பரிசோதனையிலும் மிகப் பயனுள்ள படி. ஐடிலிங்கில் ட்ரிம் +20 சதவீதமாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் +3 சதவீதத்துக்கு இறங்கினால், காற்றுக் கசிவு இருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். மாறாக, ஐடிலிங்கில் இயல்பாக இருந்து, வேகமும் சுமையும் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால், அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார், அடைத்துக்கொண்ட ஃப்யூயல் ஃபில்டர், வலுவிழந்த பம்ப் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். காற்றை நேரடியாக அளக்காமல் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் என்ஜின்களில் கசிவு வேறுவிதமாகத் தெரியும்: ட்ரிம் பெரிதாக மாறாமல் ஐடிலிங் வேகமே உயர்ந்து நிற்கும்.

கசிவைக் கண்ணால் கண்டுபிடிப்பது பொறுமையான வேலை. பல ஆண்டுகள் வெப்பத்தில் கிடந்த வேக்குவம் ஹோஸ் பார்வைக்கு முழுமையாகவே இருக்கும். அதன் வளைவை இரண்டு விரல்களால் மெல்ல மடக்கினால்தான் அடிப்பக்கத்தில் நகக்கீறல் போன்ற வெடிப்பு வாய் திறக்கும். பிரேக் பூஸ்டர் ஹோஸ், என்ஜினின் அடிப்பகுதி வாயுக்களை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் பிசிவி ஹோஸ், மேனிஃபோல்டின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் ஆகிய இடங்களை இப்படித் தடவிப் பார்க்க வேண்டும். சிலர் ஓடும் என்ஜின்மீது கிளீனரைத் தெளித்து, வேகம் மாறும் இடத்தைக் கவனிக்கிறார்கள். சூடான எக்ஸாஸ்ட் அருகில் அது தீப்பிடிக்கக்கூடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். என்ஜினை அணைத்துவிட்டு மேனிஃபோல்டுக்குள் புகையைச் செலுத்தி, அது எங்கே கசிகிறது என்று பார்ப்பது பாதுகாப்பானது. பெட்ரோல் ஆவியை என்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டாலும் இதே தடுமாற்றம் வரும். அதன் ஹோஸை அழுத்திப் பிடித்ததும் என்ஜின் சீரானால் குற்றவாளி அந்த வால்வுதான்.

கசிவு இல்லையென்றால் த்ராட்டில் தகடு அமைந்திருக்கும் த்ராட்டில் பாடியைத் திறந்து பார்க்க வேண்டும். தகட்டின் விளிம்பும் சுவரும் சந்திக்கும் இடத்தில் கரி ஒரு கருவளையமாகப் படிந்திருக்கும். ஐடிலிங்குக்கு வேண்டிய காற்று அந்த மெல்லிய இடைவெளி வழியாகவே செல்வதால், அங்கே ஒரு முடி அளவுக்குப் படியும் கரிகூட மூச்சை அடைக்கிறது. அதற்கென உள்ள கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தபின், பல கார்களில் ஐடிலிங் நிலையை ஈசியூவுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். இதைச் செய்யாமல் விட்டால், சுத்தம் செய்த பிறகு என்ஜின் முன்னைவிட வேகமாகச் சுழலும்.

ஒரே தாளத்தில் உதறல் வந்தால் அது பெரும்பாலும் ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவதால். ஸ்கேனரில் பி0301 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் முதல் சிலிண்டர் என்று பொருள். அதன் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில் பழுது. மாறாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் அதேபோல மாற்றிப் பார்த்து, அப்போதும் கோளாறு முதல் சிலிண்டரிலேயே நின்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை, அளக்க வேண்டும்.

ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்க, காரின் உடல் மட்டும் நடுங்கினால் என்ஜினைக் காரின் உடலோடு தாங்கிப் பிடிக்கும் என்ஜின் மவுண்டைப் பாருங்கள். எதைச் சரிசெய்தாலும் பழைய கோளாறுக் குறியீடுகளை அழித்து, என்ஜினைச் சூடேற்றி, இரண்டு வேகங்களிலும் ட்ரிம் பூஜ்யத்துக்கு இருபுறமும் 5 சதவீதத்துக்குள் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பானட்டை மூட வேண்டும்.