வாட்ச்சா, வைர பிரேஸ்லெட்டா? உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க

கல்யாணமாகி 25 வருஷம் முடியப்போகுது, மனைவிக்கு பெருசா ஏதாவது வாங்கிக் குடுக்கணும், கையில இருக்கிற பணம் ஒரு நல்ல சுவிஸ் வாட்ச்சுக்கும் சரியா வரும், ஒரு வைர பிரேஸ்லெட்டுக்கும் சரியா வரும், அறிவியல் எழுதுற ஆளு நீங்க, எதை வாங்கலாம்னு சொல்லுங்கன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஃபேஷன் பத்தி எனக்கு சொல்லத் தெரியாது. ஆனா இந்த ரெண்டு பொருளும் உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா முடிவு எடுக்கிறது ரொம்ப சுலபம், அதனால அதை எழுதுறேன். எனக்கு எது பிடிக்கும்னு படிக்கும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிடும், மறைக்கப் போறதில்ல.

முதல்ல வைரம். இது முழுக்க கார்பன், ஒவ்வொரு அணுவும் நாலு பக்கமும் இன்னொரு கார்பனோட கெட்டியா பிணைஞ்சிருக்கு, இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சதுதான். மின்னுறதுக்குக் காரணமும் பத்தாங்கிளாஸ் ஒளியியல்தான். வைரத்தோட ஒளிவிலகல் எண் 2.42, அதனால அதோட மாறுநிலைக் கோணம் 24 டிகிரி சொச்சம். உள்ள போன வெளிச்சம் பின்பக்க முகத்துல 24 டிகிரிக்கு மேல சாஞ்சு விழுந்தா வெளிய போக முடியாது, முழு அக எதிரொளிப்பு நடந்து திரும்ப மேல வந்து உங்க கண்ணுல அடிக்கும். பட்டை தீட்டுறவங்களோட திறமை எல்லாமே, அந்த வெளிச்சம் பின்னாடி ஒழுகாம முன்னாடியே திரும்பி வர்ற மாதிரி கோணம் பாத்து வெட்டுறதுலதான். பிரேஸ்லெட்ல வரிசையா வர்றது பெரும்பாலும் அஞ்சு சென்ட், பத்து சென்ட் கல்லுங்கதான் (ஒரு காரட்டுல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட்), அந்த சைஸ்ல கலர் கிரேடு ஒண்ணு ரெண்டு கூடக் குறைய இருந்தா கண்ணுக்குத் தெரியாது, கட் நல்லா இருக்கான்னு பாக்குறதுதான் முக்கியம்.

கடைக்காரங்க அதிகமா சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. வைரம் தண்ணியோட ஒட்டாது, ஆனா எண்ணெய்ப் பசையோட நல்லா ஒட்டும். தென்னாப்பிரிக்கா கிம்பர்லி சுரங்கத்துல இதை வெச்சேதான் வைரத்தைப் பிரிச்சு எடுத்தாங்க, கிரீஸ் தடவின சாய்வான பலகை மேல பொடிச்ச பாறையையும் தண்ணியையும் சேர்த்து ஓடவிட்டா மத்த கல்லெல்லாம் தண்ணியோட போயிடும், வைரம் மட்டும் கிரீஸ்ல ஒட்டிக்கிட்டு நிக்கும். அதே வேலை உங்க வீட்டு கைலயும் நடக்கும். தலைக்கு தேங்காய் எண்ணெய் தடவுற கை, தாளிக்கிற கை, கிரீம் போடுற கை, அதுல கிடக்கிற பிரேஸ்லெட்டோட கல்லுக்குப் பின்னாடி ஒரு மெல்லிசான எண்ணெய்ப் படலம் வந்திடும். காத்துக்குப் பதிலா அங்க எண்ணெய் இருந்தா மாறுநிலைக் கோணம் 24ல இருந்து 37 டிகிரி கிட்ட ஏறிடும், அப்போ முன்னாடி திரும்பி வர வேண்டிய வெளிச்சத்துல ஒரு பங்கு பின்னாடி ஒழுகிடும், கல் மங்கலாத் தெரியும். கல்லுக்கு ஒண்ணும் ஆகல, வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு மெத்துன்னு ஒரு பிரஷ்ஷால பின்பக்கம் தேச்சா பழையபடி மின்னும்.

வைரம்னாலே நம்ம ஊர்ல அடுத்த பேச்சு ராசி. எல்லாருக்கும் ஒத்துக்காது, வாங்கிட்டு வந்து தலகாணிக்கு அடியில வெச்சு கனவு எப்படி வருதுன்னு பாக்கணும், கல்லுக்குள்ள கரும்புள்ளி இருந்தா குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொல்லி நல்ல நல்ல கல்லையெல்லாம் திருப்பிக் குடுத்த வீடுகள் எனக்குத் தெரியும். இதுல எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. அந்தப் புள்ளிதான் அந்தக் கல்லுலயே ரொம்ப அபூர்வமான பொருளா இருக்கலாம். வைரம் வளரும்போது பக்கத்துல இருந்த கனிமம் உள்ள மாட்டிக்கிட்டு அப்படியே மேல வந்துடுது, மனுஷன் எந்தக் காலத்துலயும் தோண்டிப் போக முடியாத ஆழத்துல இருந்து கிடைக்கிற சாம்பிள் அது. பிரேசில்ல ஜுயினா பகுதியில கிடைச்ச ஒரு பழுப்பு வைரம், நகைக்கு லாயக்கில்லாதது, சுமார் 20 டாலருக்கு வாங்கினது, அதுக்குள்ள ரிங்வுடைட்னு ஒரு கனிமம் இருந்ததை 2014ல கண்டுபிடிச்சு சொன்னாங்க. அந்தக் கனிமம் பூமிக்குள்ள 500 கிலோமீட்டருக்கும் கீழ உருவாகுறது, அதோட அமைப்புக்குள்ளயே தண்ணி கட்டுண்டு இருந்துச்சு, பூமியோட ஆழத்துல எவ்வளவு தண்ணி இருக்கலாம்ங்கிற கேள்விக்கே அது ஒரு நேரடி சாட்சி. இதைப் போய் தோஷம்னு சொல்லாதீங்க.

லேப்ல வளர்த்த வைரம் பத்தியும் சுருக்கமா சொல்லிடறேன். மீத்தேனையும் ஹைட்ரஜனையும் மைக்ரோவேவ் அலையால பிளாஸ்மாவா மாத்தி, ஒரு மெல்லிய வைரத் தகடு மேல கார்பனைப் படிய விடுறாங்க. வர்றது நிஜ வைரம், கடையில வெப்பத்தை வெச்சு டெஸ்ட் பண்ற பேனா மெஷின்ல வெச்சா வைரம்னுதான் காட்டும், ஏன்னா அது வைரமேதான். விலை மட்டும் கடந்த சில வருஷத்துல பயங்கரமா இறங்கியிருக்கு, அதனால நாளைக்கு விக்கலாம்னு நெனச்சு அதை வாங்காதீங்க, போட்டு சந்தோஷப்பட வாங்குங்க. இந்தத் தொழில்நுட்பத்துக்காக சென்னை ஐஐடிக்கு மத்திய அரசு 5 வருஷத்துக்கு சுமார் 243 கோடி ஒதுக்கியிருக்கு. நல்ல விஷயம்தான், ஆனா அந்தப் பணம் நகையோட நிக்காம சிப்ல சூட்டைக் கடத்துற வைரத் தகடு, காந்தப்புலம் அளக்கிற வைர சென்சார் வரைக்கும் போகணும்ங்கிறது என் ஆசை.

இப்போ வாட்ச். பேட்டரி வாட்ச்ல ஒரு குவார்ட்ஸ் துண்டு செகண்டுக்கு 32,768 தடவை அதிரும், ஒரு சர்க்யூட் அதை எண்ணும், மாசத்துக்கு 15 செகண்ட் தப்பினாலே அதிகம். 1969 டிசம்பர்ல சீகோ இதைக் கடைக்குக் கொண்டுவந்த அப்புறம் நேரம் பாக்குறதுக்காக மெக்கானிக்கல் வாட்ச் வாங்க வேண்டிய அவசியம் போயிடுச்சு. அப்ப லட்சக்கணக்குல குடுத்து சாவி கொடுக்கிற வாட்ச் ஏன் வாங்கணும்? அதுக்குள்ள இருக்கிற எஸ்கேப்மென்ட்டுக்காக, அதாவது ஸ்பிரிங்கோட விசையைக் கொஞ்சம் கொஞ்சமா விடுற பாகத்துக்காக. தாமஸ் மட்ஜ்ங்கிற இங்கிலாந்துக்காரர் 1750கள்ல கண்டுபிடிச்ச லீவர் எஸ்கேப்மென்ட்தான் இன்னிக்கும் பெரும்பாலான மெக்கானிக்கல் வாட்ச்சுல ஓடுது, எவ்வளவு தடவை பாத்தாலும் எனக்கு அலுக்காத மெஷின் அது.

பின்பக்கம் கண்ணாடி மூடி போட்ட வாட்ச் கிடைச்சா திருப்பிப் பாருங்க, ஒரு சின்ன வளையம் இப்படியும் அப்படியும் சுத்திக்கிட்டே இருக்கும், அதுதான் பேலன்ஸ் வீல். அதோட நடுவுல தலைமுடியை விட மெல்லிசா சுருள் சுருளா ஒரு ஹேர் ஸ்பிரிங் சுருங்கி விரியும். பெண்டுலம் ஆடுறதுக்குப் புவியீர்ப்பு வேணும், அதனால அதை கையில கட்டிக்கிட்டு நடக்க முடியாது. இது ஆடுறது ஸ்பிரிங்கோட விறைப்பாலயும் வளையத்தோட நிறை எப்படிப் பரவியிருக்குங்கிறதாலயும் மட்டும்தான், கொஞ்சமா ஆடினாலும் நிறைய ஆடினாலும் ஒரு ஆட்டத்துக்கு ஆகுற நேரம் ஏறக்குறைய ஒண்ணுதான். டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1675ல இதை வெளியிட்டார்.

பிரச்சனை என்னன்னா, எந்த ஆட்டமும் உராய்வுல அடங்கிடும், அதனால யாராவது தட்டிவிட்டுக்கிட்டே இருக்கணும், ஆனா தட்டுறதே அதோட தாளத்தைக் கெடுத்திடும். இன்னொரு பக்கம், சாவி கொடுத்து முறுக்கின மெயின் ஸ்பிரிங் மொத்தமா ஒரே நிமிஷத்துல அவிழ்ந்துடப் பாக்குது, அதைத் தடுத்து கொஞ்சம் கொஞ்சமா விடணும். இந்த ரெண்டு வேலையையும், தட்டுறது, எண்ணி எண்ணி விடுறது ரெண்டையும், ஒரே தொடுதல்ல முடிக்கிறதுதான் எஸ்கேப்மென்ட்.

நடக்கிறதை மெதுவா ஓட்டிப் பாக்கலாம். மெயின் ஸ்பிரிங் பல்சக்கரங்கள் வழியா தள்ளுறது கடைசியா 15 பல் இருக்கிற எஸ்கேப் வீலுக்கு வருது. அந்தப் பல் ஒண்ணு, நங்கூரம் மாதிரி இருக்கிற ஃபோர்க்கோட ஒரு கையில பதிச்ச சின்ன ரூபிக் கல்லுல முட்டி நிக்குது. வாட்ச் முழுக்க அப்போ நிக்குது, செகண்ட் முள் கூட நகரல, பேலன்ஸ் வீல் மட்டும் தனியா ஆடிக்கிட்டிருக்கு. அது திரும்பி நடுப்பகுதிக்கு வரும்போது அதுல இருக்கிற ஒரு ரூபிக் குச்சி ஃபோர்க்கோட வாய்க்குள்ள நுழைஞ்சு அதை லேசா தள்ளும். கல் நகரணும், ஆனா கல்லோட முகம் கொஞ்சம் சாய்வா வெட்டியிருக்கிறதால எஸ்கேப் வீல் ஒரு துளி பின்னாடி போனாதான் பூட்டு திறக்கும், நிஜமாவே மொத்த வாட்ச்சும் ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு துளி பின்னாடி போயிட்டுதான் முன்னாடி வருது! அந்த சாய்வு இல்லன்னா கை ஆட்டுற ஆட்டத்துல ஃபோர்க் தானா கழண்டுடும். பூட்டு திறந்ததும் பல் கல்லோட சரிவான நுனியில வழுக்கிக்கிட்டு போகும், போற போக்குல கல்லைத் தள்ளும், கல் ஃபோர்க்கைத் தள்ளும், ஃபோர்க் குச்சியைத் தள்ளும், பேலன்ஸ் வீலுக்கு ஒரு தட்டு கிடைச்சாச்சு. பல் கல்லை விட்டு நழுவின அடுத்த கணமே எதிர்ப்பக்கக் கல் உள்ள வந்து வேற ஒரு பல்லைப் பிடிச்சு நிறுத்தும். இந்த மோதல்கள் எல்லாம் மில்லிசெகண்ட் கணக்குல அடுத்தடுத்து நடக்கிறதால நம்ம காதுல ஒரே டிக்கா கேக்குது.

பேலன்ஸ் வீல் ஒரு பக்கம் 270 டிகிரிக்கு மேலயே சுத்திப் போகும், அதுல ஃபோர்க்கைத் தொடுறது நடுவுல 50 டிகிரி சொச்சம் மட்டும், மீதி நேரம் முழுக்க யாரும் தொடாம சுதந்திரமா ஆடும். தட்டு ஏன் நடுவுல விழணும்? ஊஞ்சல்ல ஆடுற குழந்தையை நாம ஓரத்துல நின்னு தள்ளுறோம், அதோட நேரம் கொஞ்சம் முன்ன பின்ன போனா நமக்குக் கவலையில்ல. ஆனா நேரமே முக்கியம்னா ஆட்டத்தோட நடுப்புள்ளியில தட்டணும், அதுக்கு முன்னாடி தட்டினா வேகம் கூடும், தாண்டித் தட்டினா குறையும், சரியா நடுவுல தட்டினா நேரம் கிட்டத்தட்ட மாறவே மாறாது. சமன்பாடு எழுதிப் பாத்தா வர்ற விடை இது, அதை உலோகத்துல செஞ்சு கையில கட்டியிருக்காங்க.

சாதாரணமா ஒரு நல்ல வாட்ச் மணிக்கு 28,800 டிக், செகண்டுக்கு 8. நாளுக்கு 6,91,200. வருஷத்துக்கு 25 கோடிக்கு மேல. இவ்வளவு மோதலுக்கு அப்புறமும் ஒரு நாளைக்கு அஞ்சு செகண்ட் தப்புதுன்னா அது லட்சத்துல ஆறு பங்கு பிழை. சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழுக்கு நாளுக்கு சராசரியா மைனஸ் 4ல இருந்து பிளஸ் 6 செகண்டுக்குள்ள இருக்கணும், 15 நாள், அஞ்சு நிலையில, மூணு வெப்பநிலையில வெச்சு சோதிப்பாங்க.

வெப்பநிலைன்னு சொன்னதும் ஒரு ஆளைப் பத்தி சொல்லியே ஆகணும். சூடானா எஃகு ஸ்பிரிங் தளர்ந்திடும், வாட்ச் மெதுவா ஓடும், ரெண்டு நூற்றாண்டா இது தலைவலி. ஷார்ல் எடுவார் கியோம்னு ஒருத்தர், சுவிஸ் வாட்ச் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை, பாரிஸ் பக்கத்துல சர்வதேச எடை அளவு நிறுவனத்துல மீட்டர் கோல் செய்ய விலை குறைஞ்ச, சூட்டுல நீளாத உலோகம் தேடிக்கிட்டிருந்தார். நிக்கல் கலந்த எஃகுல அது கிடைச்சுது, அதைத் தொடர்ந்து சூட்டுக்கு விறைப்பு மாறாத எலின்வார் கலவையும் வந்துச்சு, 1920ல இயற்பியல் நோபல். ஸ்பிரிங் பிரச்சனை தீர்ந்தது மீட்டர் கோலுக்கான ஆராய்ச்சியால. அடிப்படை ஆராய்ச்சிக்குக் காசு கேட்டா உடனே இதனால என்ன லாபம்னு கேக்குற அதிகாரிங்க எல்லாரும் இந்தக் கதையைத் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

உள்ள இருக்கிற ரூபி எல்லாமே செயற்கை. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுயி 1902ல அலுமினியம் ஆக்சைடு பொடியை சுடர்ல உருக்கி ரூபி வளர்க்கிற முறையைச் சொன்னார், அதுக்கப்புறம் வாட்ச்சுக்காக சுரங்கத்து ரூபியைத் தேடி யாரும் போகல, கோடி ரூபா வாட்ச்சுலயும் லேப் ரூபிதான், அதை யாரும் போலின்னு சொல்றதில்ல. லேப் வைரத்தை மட்டும் ஏன் தாழ்வா பாக்கணும்னு தெரியல.

கேள்விக்கு வர்றேன். உங்க வீட்டம்மாவுக்கு பொருள் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குற குணம் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு மெக்கானிக்கல் வாட்ச். ஆனா கடையில தெளிவா கேளுங்க, பெண்களுக்கான பெரிய பிராண்ட் வாட்ச் பலதுல உள்ள குவார்ட்ஸ்தான் இருக்கு, கார்த்தியேயோட பாந்தேர் அப்படித்தான், அழகா இருக்கும், நான் இவ்வளவு நேரம் சொன்னது எதுவும் அதுக்குள்ள இருக்காது. மெக்கானிக்கல் வாட்ச்சை சில வருஷத்துக்கு ஒருதரம் எண்ணெய் மாத்தி சர்வீஸ் பண்ணணும், அதுக்கும் பணம் ஆகும். காந்தத்துகிட்ட ஜாக்கிரதை, ஹேண்ட்பேக் மூடி, போன் கவர், ஸ்பீக்கர் இதுல எல்லாம் காந்தம் இருக்கு, ஹேர் ஸ்பிரிங் காந்தமாகி சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா வாட்ச் நாளுக்குப் பல நிமிஷம் வேகமா ஓடும், வாட்ச் ரிப்பேர் கடையில சில செகண்ட்ல சரி பண்ணிடுவாங்க. சிலிக்கான் ஹேர் ஸ்பிரிங் போட்டதுன்னா அந்தக் கவலையும் இல்ல. பட்ஜெட் இறங்கினாலும் தப்பில்ல, அரசாங்கக் கம்பெனி எச்எம்டி நம்ம தாத்தாக்கள் காலத்துல போட்ட 17 கல் ஜனதா வாட்ச்சுலயும் இதே லீவர் எஸ்கேப்மென்ட்தான் ஓடுச்சு.

தினமும் சாவி குடுக்க, சர்வீஸ் அனுப்ப, காந்தம் பாத்து நடக்க அவங்களுக்குப் பொறுமை இல்லன்னா பிரேஸ்லெட்தான் சரி. அதுக்கு சோப்புத் தண்ணி போதும், கொக்கி மட்டும் டபுள் லாக் இருக்கான்னு இழுத்துப் பாத்து வாங்குங்க. ரெண்டுமே வாங்குற வசதி இருந்தா ஒரே கையில போட விடாதீங்க. வாட்ச் கண்ணாடி சஃபையர், மோஸ் கடின அளவுல அது 9, வைரம் 10, ரெண்டும் உரசினா கண்ணாடியில கோடு விழுந்திடும்.