தீவுப் பவளப்பாறைக்குப் பயணிகளை அழைத்துப்போக ஊருக்கு வழி உண்டா? மன்னார் வளைகுடா விதிகள்

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே மண்டபம் தொகுதியில் 7, கீழக்கரையில் 7, வேம்பாரில் 3, தூத்துக்குடியில் 4 என 21 தீவுகள். இவற்றையும் சுற்றியுள்ள பவளப்பாறைக் கடலையும் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பு 560 சதுர கிலோமீட்டர். சொந்தப் படகு, பழகிய கடல், கேட்டு வரும் பயணிகள் எல்லாம் இருந்தாலும், அனுமதி இல்லாமல் பூங்கா எல்லைக்குள் ஆள் ஏற்றிப்போனால் அது குற்றம்.

ஆனால் சட்டம் கதவை முழுக்கச் சாத்தவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில், தலைமை வன உயிரினக் காப்பாளர் நுழைவு அனுமதி தரக்கூடிய காரணங்களில் ஆய்வு, படம் எடுத்தல் ஆகியவற்றோடு சுற்றுலாவும் இருக்கிறது. சரணாலயத்துக்கான இந்தப் பிரிவு, 35-ஆம் பிரிவின் வழியாகத் தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். அனுமதி என்பது போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப மட்டும்தான். பூங்காவுக்குள் வணிக விடுதி கட்டுவதற்குத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் முன் ஒப்புதல் வேண்டும். கரையில் குடிலோ நடைபாதையோ போடுவது வேறு சட்டம்: 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, பவளப்பாறை போன்ற, எளிதில் பாதிக்கப்படும் பகுதிகளில் சூழல் சுற்றுலா வேலைகள், ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மைத் திட்டத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-ல் உள்ளன. அதாவது புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. உடைத்து எடுத்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ‘செத்துக் கிடந்த துண்டுதானே’ என்ற வாதத்தை நம்பி யாரும் பையில் போட வேண்டாம். படகேறுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவது வழிகாட்டியின் வேலை.

ஊர் தனியாக விண்ணப்பிப்பதைவிட, ஊர்க்காரர்கள் சேர்ந்து அமைத்து வனத்துறை அங்கீகரித்த சூழல் மேம்பாட்டுக் குழு வழியாகப் போவதே நடைமுறை. ராமநாதபுரம் மாவட்டத்தில் காரங்காடு இதற்குப் பெயர்பெற்ற ஊர். அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி, கயாக், ஊர்ப் பெண்கள் சமைத்துப் போடும் மீன் சாப்பாடு எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அது பாக் விரிகுடாக் கரை, தேசியப் பூங்காவுக்கு வெளியே. அந்த ஏற்பாட்டை அப்படியே தீவுக்கு நகல் எடுத்தால் முதல் கட்டத்திலேயே விண்ணப்பம் திரும்பிவிடும்.

முதலில் குழுவின் தீர்மானம். அதில் எந்தத் தீவின் எந்தப் பகுதி, எந்த மாதங்கள், ஒரு நாளைக்கு எத்தனை படகு, படகுக்கு எத்தனை பேர், குப்பை எங்கே போகும், வருமானம் எப்படிப் பிரியும் என்று எழுதியிருக்க வேண்டும். அதை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்தால், அங்கிருந்து ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். மாதங்களைக் குறிப்பிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடா பக்கம் கடல் கலங்கிவிடும். பாறையும் தெரியாது, படகும் நிற்காது. பன்னிரண்டு மாத வருமானம் என்று கணக்குப் போட்டு ஊராருக்கு ஆசை காட்டிய குழு இரண்டாம் ஆண்டே உடையும்.

படகு விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். மீன்பிடிக்கப் பதிவான நாட்டுப்படகில் பயணிகளை ஏற்ற அந்தப் பதிவு செல்லாது. பயணிகள் படகாகத் தகுதிச் சான்று, காப்பீடு, தலைக்கொரு லைஃப் ஜாக்கெட் தனியாக வேண்டும்.

இனி நங்கூரம். பாறைக்கு அதிகச் சேதம் செய்வது பயணியின் காலைவிடப் படகின் இரும்புதான். கிளைப்பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வளரும். உருண்டைப் பவளம் 1 சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஒரு நங்கூரம் இழுபட்டால் பல ஆண்டு வளர்ச்சி ஒரே நிமிடத்தில் போகும். அதனால் நிலையான கட்டுமிதவை வேண்டும்: பாறையை ஒட்டிய மணலில் கனமான கல், மேலே படகு கட்டும் மிதவை, இரண்டுக்கும் நடுவில் நீருக்குள்ளேயே நிற்கும் சின்ன மிதவை. இந்த நடு மிதவையைத்தான் செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் நீர்வற்றத்தின்போது தொய்ந்த கயிறும் சங்கிலியும் தரையில் படுத்து, காற்று திரும்பத் திரும்ப வட்டமாகத் துடைத்துக்கொண்டே இருக்கும். மிதவை போடவும் துறையின் அனுமதி வேண்டும், தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

ஆழமும் முக்கியம். நின்றால் கால் தட்டும் இடத்தில் பயணி நிற்கத்தான் செய்வார். நீந்தத் தெரியாதவருக்குக் கண்ணாடி அடிப்பாகப் படகே போதும். சன்ஸ்கிரீன் பூசியவரைத் தண்ணீரில் இறக்காமல், முழுக்கைச் சட்டை கொடுப்பது நல்லது. பவளத்துக்குக் கேடான ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீனைப் பசிபிக் தீவு நாடான பலாவ் 2020-லேயே தடை செய்துவிட்டது.

பணத்தைப் பொறுத்தவரை, சீட்டுக் காசு நேராகக் குழுவின் வங்கிக் கணக்கில் விழ வேண்டும். கூலி, படகுப் பராமரிப்பு, ஊர் நிதி, பாறைக் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு எவ்வளவு சதவீதம் என்பதை முதல் சீட்டு விற்கும் முன்பே எழுதிவிடுங்கள். வேலையில் முதல் இடம், தீவுக் கட்டுப்பாட்டால் தொழில் சுருங்கிய பாசி எடுக்கும் பெண்களுக்கும் கரையோர மீனவர்களுக்கும் போக வேண்டும். படகுக்காரர் நால்வர் மட்டும் சம்பாதித்தால், மற்றவர்களுக்குப் பாறையைக் காக்க என்ன அக்கறை இருக்கும்?

கண்காணிப்புக்குப் பாறைமேல் விரிக்கும் 20 மீட்டர் அளவு நாடா போதும். பயணிகள் வரும் இடத்தில் ஒன்று, வராத இடத்தில் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் விரித்து, நாடாவின் கீழே உயிர்ப்பவளம் எத்தனை சென்டிமீட்டர் என்று குறியுங்கள். இரண்டாவது நாடா இல்லாவிட்டால் பாறை வெளுத்தது (பவளம் நிறமிழந்து நலிவது) வெயிலாலா, பயணிகளாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இங்கே 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறிப் பெருமளவில் வெளுத்தது. சுற்றுலா நடத்துவதால் அதைத் தடுக்க முடியாது. வெளுத்த பவளம் சூடு தணிந்தால் மீளக்கூடும், ஆனால் அந்த நேரத்தில் மிதியும் மண்ணும் பட்டால் மீள்வது கடினம். ஆகவே வெளுப்பு தொடங்கியதும் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, அந்த வாரங்களில் கூலி எந்த நிதியிலிருந்து என்பதும் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும்.