“வெறும் தியரிதானே, டாக்டர்?”

மூன்றாம் நாள் வந்திருக்க வேண்டிய சிறுவன் ஆறாம் நாள் வந்தான். கெண்டைக்காலில் தெருநாயின் பல் தடங்கள் நான்கு. முதல் நாளே காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதமும் தடுப்பூசியின் முதல் தவணையும் போட்டு அனுப்பியிருந்தேன். இரண்டாவதற்கு ஏன் வரவில்லை என்று கேட்டதும் அப்பா கைப்பேசியில் ஒரு வீடியோவை நீட்டினார். “கிருமியால் நோய் வருகிறது என்பது இன்னும் தியரிதானாம். நிரூபித்திருந்தால் விதி என்று சொல்லியிருப்பார்களே, டாக்டர்?”

இந்த வாதத்தை எத்தனை பேரிடம் கேட்டேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். தவறிய ஊசியைப் போட்ட பிறகுதான் பதில் சொன்னேன்.

‘தியரியெல்லாம் சரி, நடைமுறைக்கு ஒத்துவராது’ என்று நாம் பேசிப் பேசியே அந்தச் சொல்லைக் கெடுத்து வைத்திருக்கிறோம். கருதுகோள் முதல் படி, கோட்பாடு என்கிற தியரி அடுத்த படி, விதி உச்சிப் படி என்று மனத்தில் ஒரு படிக்கட்டு. அப்படி ஒரு படிக்கட்டே கிடையாது! எத்தனை சான்று குவிந்தாலும் கோட்பாடு பதவி உயர்வு பெற்று விதி ஆவதில்லை. இரண்டின் வேலையும் வேறு.

ஊசி மாட்டாத சிரிஞ்ச் ஒன்றை அவர் கையில் கொடுத்து, முனையைக் கட்டைவிரலால் அடைத்து அழுத்தச் சொன்னேன். பாதி தூரம் இறங்கியதும் உள்ளேயிருந்த காற்று எதிர்த்துத் தள்ளியது. வெப்பநிலை மாறாமல் கன அளவு பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும். 1662இல் விஞ்ஞானி பாயில் வெளியிட்ட விதி இது. எவ்வளவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. மூலக்கூறுகள் ஓயாமல் ஓடிச் சுவரில் மோதுகின்றன, இடம் குறுகினால் மோதல் கூடுகிறது என்று ஏன் என்பதைச் சொல்வது வாயுக்களின் இயக்கக் கோட்பாடு. மிக உயர்ந்த அழுத்தத்தில் பாயில் விதி பிசகிவிடும். அங்கே அது ஏன் பிசகுகிறது என்பதற்கும் கோட்பாட்டிடம்தான் போக வேண்டும்.

கருதுகோள் எங்களுக்கு அன்றாடம். காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு ‘டெங்குவாக இருக்கலாம்’ என்று ரத்தப் பரிசோதனை எழுதுகிறேனே, அதுதான். முடிவு மறுத்தால் வேறு காரணம் தேடுவேன்.

கிருமிக் கோட்பாடும் ஒரு காலத்தில் ஊகங்களாக இருந்ததுதான். 1847இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் சக மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். பிரசவக் காய்ச்சல் சாவுகள் மளமளவென்று குறைந்தன. ஏன் என்று விளக்க அன்று கோட்பாடு இல்லாததால் பலர் அவரை ஏற்கவில்லை. 1882இல் ஜெர்மன் மருத்துவர் கோக் காசநோய்க் கிருமியையே காட்டினார். நாய்க்கடியால் வரும் வெறிநோயின் கிருமியோ பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டரின் நுண்ணோக்கியில் அகப்படவே இல்லை. இருந்தும் கிருமி உண்டு என்ற அடிப்படையிலேயே தடுப்பு மருந்தைத் தயாரித்து, 1885 ஜூலையில் நாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மெய்ஸ்டருக்குப் போட்டார். சிறுவன் பிழைத்தான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மீது அவ்வளவு துணிவைக் கொடுத்ததைத்தான் ‘வெறும்’ என்கிறார்கள்.

நாய் கடித்தால் ஓடும் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். வெறிநோய் அறிகுறி தொடங்கிவிட்டால் எங்களால் காப்பாற்ற முடிவது அரிதினும் அரிது. வீடியோ பார்த்துக் குழப்பம் வந்தால் அதை என்னிடம் கொண்டுவாருங்கள், எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து பேசுகிறேன். ஊசித் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.