வெள்ள நிவாரணம்: மழைக்கு முன்னால் பார்க்க வேண்டிய காகிதங்கள்

ஐப்பசி பிறந்தால் டார்ச், மெழுகுவத்தி, பால் பவுடர் எல்லாம் வாங்கி வைக்கிறோம். ரேஷன் கார்டு மட்டும் பீரோவின் கீழ்த்தட்டிலேயே கிடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய், ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது.

பேரிடர் நிவாரணத்துக்குக் குறைந்தபட்ச அளவுகள் வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. 2022–26 காலத்துக்கான மத்திய அரசு விதிமுறையில் உயிரிழப்புக்கு 4 லட்சம், சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1.20 லட்சம், குடிசைக்கு 8,000, கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய். வீட்டுக்குள் இரண்டு நாளுக்கு மேல் வெள்ளம் நின்றிருந்தால் துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500. மாநில அரசு இதற்கு மேலும் கூட்டித் தரலாம். மிக்ஜாமின்போது உயிரிழப்புக்கு 5 லட்சம் என அறிவித்தார்கள்.

இழப்பு உண்மைதான் என்று காட்டுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உயிரிழப்புக்குக் காரணம் பேரிடர்தான் என்று உரிய அதிகாரியின் சான்று வேண்டும். அதனால் போலீசுக்குச் சொல்லாமல் அவசரமாக அடக்கம் செய்துவிடாதீர்கள். மாடு செத்தால் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும், அப்புறம் புதைக்கலாம். வி.ஏ.ஓ. கணக்கெடுக்க வருவதற்குள் வீட்டைக் கழுவத்தான் வேண்டியிருக்கும். அதற்கு முன், சுவரில் தண்ணீர் நின்ற கறைக்கோடும் கதவு எண்ணும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னாலேயே வீட்டை ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

எல்லாக் காகிதத்துக்கும் பதற வேண்டாம். பட்டா, சிட்டாவை அரசு இணையதளத்தில் மறுபடி எடுக்கலாம். ஆதார், ஓட்டுநர் உரிமத்தை டிஜிலாக்கர் என்ற அரசு செயலியில் ஏற்றிவிடலாம். பத்திரம் போனால் பதிவு அலுவலகத்தில் நகல் கிடைக்கும், ஆனால் அலைச்சல். அசல் பத்திரமும் பிள்ளைகளின் பட்டச் சான்றிதழும்தான் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் பரணுக்கு ஏற வேண்டியவை. வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்; வருடக்கணக்கில் தொடாத கணக்கில் நிவாரணப் பணம் சிக்கிக்கொள்ளும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. செல்போனிலிருந்து என்றால் முன்னால் உங்கள் ஊர் எஸ்.டி.டி. குறியீட்டைச் சேர்த்து அடியுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070.