குடிசை கட்டிய மாமனிடம் பேசுங்கள்

"எங்கள் பேத்தியை எங்கள் மகனுக்கே கொடுக்கிறோம். வெளியிலா கொடுக்கிறோம்? இதில் உங்களுக்கு என்ன அம்மா?"

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். வாசலில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. பெண்ணுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். மாப்பிள்ளை அவளுடைய தாய்மாமன், 27 வயது. கூடப் படிக்கும் யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்துச் சொன்னதால் நாங்கள் போயிருந்தோம். கேள்வி கேட்டவர் பாட்டி. நான் அவருக்குச் சட்டத்தைச் சொன்னேன். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006, பிரிவு 9, இரண்டாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அவர் கேட்டதற்கு இதில் எதுவுமே பதில் இல்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. 'பதினெட்டு முடியும் வரை செய்ய மாட்டோம்' என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினோம். மூன்றாவது வாரம், வேறு மாவட்டத்தில் ஒரு மலைக்கோயிலில் தாலி கட்டிவிட்டார்கள்.

குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் நான் செய்த தவறுகளில் இன்றும் என்னை உறங்கவிடாதது இதுதான்.

பாட்டிக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி தாய்மாமனும் அக்காள் மகளும் மணக்கக் கூடாத உறவு. ஆனால் அந்தக் குடும்பங்களில் அப்படி வழக்கம் இருந்தால் திருமணம் செல்லும் என்று அதே சட்டம் விலக்கும் தருகிறது. அதாவது, யாரைக் கட்டுவது என்பதில் நம் முறைப்பெண் வழக்கத்துக்குச் சட்டம் என்றைக்கோ இடம் கொடுத்துவிட்டது. எப்போது கட்டுவது என்பதில் மட்டும்தான் அது இறங்கி வராது. இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். "உங்கள் உறவை முறிக்க வரவில்லை, தேதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்" என்றால், உட்காரச் சொல்லித் தண்ணீராவது கொடுக்கிறார்கள்.

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டுத் திருமணங்களில் சுமார் 28 சதவீதம் உறவுக்குள் நடந்தவை. 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்குப் பதினெட்டுக்கு முன்பே திருமணம் முடிந்திருந்தது. இத்தனை வீடுகளின் உறவுமுறையையே குற்றமாகப் பேசினால் கதவைச் சாத்துவார்கள். திருமணம் மட்டும் வேறொரு கோயிலில் நடந்துவிடும். நெருங்கிய உறவில் பிறக்கும் குழந்தைகளுக்கு மரபணு நோய் வரும் வாய்ப்புக் கூடுதல் என்பது உண்மை. அதையும் பேச வேண்டும், ஆனால் பந்தக்கால் நட்ட வீட்டில், அந்த மாலையில் அல்ல.

அடுத்த ஆண்டு இன்னொரு ஊர். அங்கும் மாமன்தான் மாப்பிள்ளை, பெண்ணுக்கு 15. இந்த முறை பெற்றோரை விட்டுவிட்டு மாமனைத் தனியே அழைத்துப் பேசினேன். "இவள் வயதுக்கு வந்தபோது பச்சை ஓலையில் குடிசை கட்டியது யார்?"

"நான்தான். சீர் செய்ததும் நான்தான்."

"எதற்குத் தம்பி அந்தக் குடிசை?"

சற்று யோசித்துவிட்டு, "காவலுக்குத்தானே மேடம்" என்றார்.

குடிசைச் சடங்கில் தீட்டு என்ற எண்ணமும் கலந்திருக்கிறது. அதை நான் ஏற்பவள் அல்ல. ஆனால் அந்த மனிதர் அதைக் காவல் என்றே புரிந்துவைத்திருந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினேன். 15 வயதில் பிரசவம் என்றால் உடம்பு என்ன பாடுபடும் என்று சொன்னேன். மனைவியே ஆனாலும் 18 வயதுக்குக் கீழ் என்றால் உடலுறவு பாலியல் வன்கொடுமைதான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதையும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்கு வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். எது அவரை அசைத்ததோ எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் போய், "அவள் படிக்கட்டும். பதினெட்டு ஆன பிறகு அவளே சொல்லட்டும்" என்றார். நான் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். தாய்மாமன் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்ற விவரத்தை அவரே அக்காளிடம் எடுத்துச் சொன்னார்.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை ஒட்டியே சொன்னது. தண்டனையைவிடத் தடுப்புக்கு முதலிடம் தர வேண்டும், தடுக்கும் முறை அந்தந்தச் சமூகத்துக்கு ஏற்ப அமைய வேண்டும் என்றது.

ஆனால் சட்டத்தைச் சொல்லும் விதத்தைத்தான் ஊருக்கு ஏற்ப மாற்றலாம், சட்டத்தை அல்ல. ஒரு சிறுமியிடம் உறவினர் தவறாக நடந்த பிறகு, "மாமன் முறைதானே, கட்டிவைத்துவிடலாம்" என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிக்கப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். குழந்தையின் அழுகையை உறவுப் பெயர் சொல்லி அடைக்கும் வேலை அது. அங்கே எனக்குப் பேச்சு இல்லை, புகார்தான். தகவல் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம்.

எழுதி வாங்கும் உறுதிமொழியை மட்டும் நம்பாதீர்கள் என்று உடன் பணிபுரிவோருக்கும் சொல்ல வேண்டும். குடும்பம் மீறும் என்ற ஐயம் வந்தால் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் பிரிவு 13-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் தடையாணை கேளுங்கள். ஆணையை மீறி நடக்கும் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஆணை இல்லாமல் நடந்துவிட்டால் அப்படி அல்ல. பெண் தானே நீதிமன்றம் போய் ரத்து கேட்க வேண்டும். அதற்கும் அவளுக்கு 20 வயது முடியும் வரைதான் நேரம்.

முதலில் சொன்ன அந்தப் பெண்ணுக்கு இப்போது 19. கையில் ஒரு குழந்தை. பிரசவத்தின்போது வயது தெரியவந்து கணவர்மீது போக்சோ வழக்குப் பதிவானது. அவர் ஜாமீனில் இருக்கிறார், வீட்டுச் செலவு அவர் சம்பளத்தில்தான் நடக்கிறது. போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். ரத்து கேட்கலாம், கேட்டாலும் குழந்தையின் சட்ட உரிமைக்குக் குறைவு வராது, மறுமணம் வரை ஜீவனாம்சமும் கேட்க முடியும் என்று சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"எத்தனை நாள் இருக்கிறது அக்கா?" என்றாள்.

பத்து மாதம் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.